நாற்பதாவது சுற்று

அவளுக்கு அந்தப் பெயரை வைத்தவர் துறை அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் கிளார்க். ஆறாவது வருடம் முடிந்து, நீட்டிப்பு விண்ணப்பத்தை நீட்டிக்கொண்டு ஜன்னல் முன் நின்றபோது, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி அவளைப் பார்த்தார்.

"வாங்க கல்வெட்டு. இன்னும் ஒரு வருஷமா?"

பின்னால் நின்ற புது மாணவர்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் கல்வெட்டு. இப்போது ஒன்பதாவது வருடம். அப்போது சிரித்தவர்களில் மூன்று பேர் பட்டம் வாங்கிக்கொண்டு போயே விட்டார்கள்.

அவள் படித்தது பேரினப் பொருளியல் கோட்பாடு. மாணவர்கள் வாயில் வெறும் மேக்ரோ. ஒரு நாட்டின் வேலை, விலை, வட்டி எல்லாம் எப்படிச் சேர்ந்து அசைகின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டுகிற படிப்பு. படிக்கிற அறை மட்டும் அசையாது. இரண்டாவது மாடியில், நடைபாதையின் கோடியில், முன்பு பழைய விடைத்தாள்களைப் போட்டு வைத்திருந்த அறை அது. இருந்த ஒரே ஜன்னலை ஏசி பெட்டி அடைத்துக்கொண்டிருந்தது. கதவை லேசாகத் தூக்கி இழுத்தால்தான் திறக்கும். அந்தச் சூட்சுமம் தெரியாமல் புதிதாக வருகிறவர்கள் உள்ளே மாட்டிக்கொண்டு தட்டுவார்கள். அவள் எழுந்துபோய்த் திறந்துவிடுவாள். ஒன்பது வருடத்தில் அவளுக்கு அந்த அறையில் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதான்.

எட்டு மேஜைகள். ஜன்னலோர மேஜை தாடி என்கிறவனுடையது. இப்போது அதில் துறையின் பிரிண்டர் இருக்கிறது.

தாடிக்குத் தாடி கிடையாது. முகத்தில் ஒழுங்காக நாலு முடி முளைக்காதவன் என்பதால்தான் அந்தப் பெயர். முதல் வருட வகுப்பில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பேராசிரியர் பலகையில் முதல் சமன்பாட்டை எழுதிவிட்டு, "இந்தக் குடும்பம் என்றென்றும் வாழுது" என்றார். மேக்ரோவில் அது வழக்கம். மாடல் என்று சொல்கிற கணக்கு மாதிரியில் வருகிற குடும்பங்களுக்குச் சாவு இல்லை. இன்று எவ்வளவு செலவழிப்பது, எவ்வளவு எடுத்து வைப்பது என்று முடிவில்லாத காலத்துக்கும் சேர்த்து யோசித்துக்கொண்டே இருப்பார்கள்.

தாடி கையைத் தூக்கினான். "சார், அவங்களுக்கு போரடிக்காதா?"

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்துவிட்டு, "முதல்ல நீங்க பரீட்சை பாஸ் பண்ணுங்க, அப்புறம் அவங்களப் பத்திக் கவலைப்படலாம்" என்றார். அந்த வருடம் பதினெட்டுப் பேரில் பதினோரு பேர் தேர்வில் விழுந்தார்கள். அவளும் தாடியும் அந்தப் பதினொன்றில் அடக்கம். இன்னொரு வாய்ப்புதான் உண்டு. அதிலும் விழுந்தால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இரண்டு பேரும் அந்தக் கோடை முழுவதும் அதே அறையில் உட்கார்ந்து, ஒரே கணக்கை நாலு விதமாகப் போட்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே தேறினார்கள். அந்தச் சண்டையில்தான் அவர்களுடைய மாதிரி பிறந்தது.

மாதிரியைக் கணினியில் தீர்க்கிற முறை எளிதாகச் சொல்லக்கூடியதுதான். ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வார்கள். முதல் சுற்றில் கணினி கேட்கும்: நாளை என்பதே இல்லாவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள்? கையில் இருப்பதையெல்லாம் செலவழிப்பார்கள். இரண்டாவது சுற்று: இன்னும் மூன்று மாதம் உண்டு என்றால்? கொஞ்சம் எடுத்து வைப்பார்கள். மூன்றாவது சுற்று: ஆறு மாதம் என்றால்? இப்படிச் சுற்றுக்கு மூன்று மாதமாக ஆயுள் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் இன்னும் நீட்டினாலும் விடை மாறாது. அங்கே நிறுத்தலாம். அந்தக் குடும்பம் அப்போது என்றென்றும் வாழ்கிற குடும்பமாகிவிடும்.

இந்தச் சுற்றுகளை ஓட்டுகிற கணினி நிரலை எழுதியவன் தாடி. மற்றதெல்லாம் அவள். மூன்றாவது வருடம் ஒரு வெள்ளிக்கிழமை கருத்தரங்கில் இருவரும் அதைக் காட்டினார்கள். வட்டி ஏறினால் எல்லோரும் செலவைச் சுருக்குவார்கள் என்றுதான் புத்தகம் சொல்லும். இவர்களுடைய வரைபடத்தில், சின்னச் சேமிப்பு வைத்திருக்கிற குடும்பங்கள் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு மேடு எழும்பி நின்றது. அவர்கள் செலவைச் சுருக்கவில்லை. கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கூட எழுந்து, "அந்தப் படத்த இன்னொரு தடவ காட்டுங்க" என்றார்.

அடுத்த திங்கட்கிழமை தாடி வரவில்லை. வயிற்று வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாகச் செய்தி வந்தது. நாலு மாதத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

கட்டுரை அவன் போன பிறகு அச்சில் வந்தது. முதல் பெயர் அவனுடையது, அடுத்தது அவளுடையது, கடைசியில் பேராசிரியர். துறை அவன் பெயரில் ஆண்டுக்கொரு பரிசு ஏற்படுத்தியது. பரிசளிப்பு அன்று தாடியின் அப்பா முதல் வரிசையில் உட்காருவார், பக்கத்தில் அவள். அவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். கட்டுரையின் முதல் பக்கத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தார். அதில் ஒரு வரிகூட அவருக்குப் புரியாது. ஆனால் மகன் பெயர் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்துக் காட்டுவார்.

அவளுடைய ஆய்வேட்டின் மூன்று அத்தியாயமும் அந்த மேட்டின் மேல்தான் நின்றன. மேடு ஏன் வருகிறது, எங்கே பெரிதாகிறது, அரசாங்கம் என்ன செய்யலாம் என்று ஆறு வருடம் எழுதினாள். தாடியின் நிரலை மட்டும் அவள் திறக்கவே இல்லை. வெளியிலிருந்து எண்களைக் கொடுப்பாள், வருகிற விடையை வாங்கிக்கொள்வாள். யாராவது கேட்டால், "ஓடுற வண்டியோட பானட்ட எதுக்குத் திறக்கணும்?" என்பாள். அது கணவனிடம் கற்ற பேச்சு. உண்மைக் காரணம் வேறு. தாடி நிரலுக்குப் பக்கத்தில் குறிப்பு எழுதுகிறவன். அதுவும் திரைக்கு வெளியே, வலது கோடிக்குத் தள்ளி எழுதுவான், பார்க்க நிரல் சுத்தமாக இருக்கவேண்டுமாம். அந்தக் குறிப்புகளெல்லாம் அவன் பேசுகிற மாதிரியே இருக்கும். திறந்தால் குரல் கேட்கும். அவள் திறக்கவில்லை.

வைவாவுக்கு, அதாவது ஆய்வேட்டின் வாய்மொழித் தேர்வுக்கு, மூன்று வாரம் இருந்தது. பட்டம் கையில் வந்தால் ஒரு வங்கியின் ஆய்வுப் பிரிவில் வேலை தயார். அந்த ஊரில் கணவனின் அண்ணன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். இவனும் இங்கே அதே தொழில்தான். "வா, சேர்ந்து நடத்தலாம்" என்று அண்ணன் நாலு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். போர்டிலே தம்பி பெயரையும் எழுதி மாட்டிவிட்டார். மழையில் அந்தப் பெயர் வெளுக்க ஆரம்பித்துவிட்டதாம்.

அப்போதுதான் துறைக்குப் புதுக் கணினி வந்தது. கடைசியாக ஒரு முறை எல்லாவற்றையும் அதில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ஒரு பிற்பகல் உட்கார்ந்தாள். தாடியின் நிரலில் இருந்த ஏதோ ஒரு பழைய கட்டளையைப் புது இயந்திரம் ஏற்கவில்லை. வேறு வழியில்லாமல் ஆறு வருடத்தில் முதல் முறையாக அந்தக் கோப்பைத் திறந்தாள். திரையை வலது பக்கம் நகர்த்தவில்லை. கட்டளையை மட்டும் மாற்றினாள். ஓடுகிறதா செத்துக் கிடக்கிறதா என்று தெரிய, சுற்று எண்ணைத் திரையில் காட்டும்படி ஒரு வரி சேர்த்தாள்.

முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. நாற்பது. "முடிந்தது" என்று காட்டியது.

வெறும் நாற்பதா? ஆயிரத்துக்கு மேல் ஆக வேண்டியது. மறுபடி ஓட்டினாள். நாற்பது, முடிந்தது. விடை மாறாமல் நின்றதால் அது நிற்கவில்லை. நாற்பதோடு நிறுத்து என்று யாரோ சொல்லியிருந்ததால் நின்றது. எப்படி நின்றாலும் அது ஒரே சொல்லைத்தான் காட்டும்.

நாற்பது சுற்று என்றால் பத்து வருடம். கட்டுரையில் என்றென்றும் வாழ்வதாக எழுதப்பட்ட குடும்பங்களுக்குப் பத்தே வருடம்தான் ஆயுள். பத்து வருடத்தில் எல்லாம் முடியப்போகிறது என்று தெரிந்தவர்கள் வட்டி ஏறினால் எதற்குச் சேமிக்கப்போகிறார்கள்?

தடையை எடுத்துவிட்டு ஓடவிட்டாள். மறுநாள் பிற்பகலில் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் சுற்றில் தானாகவே நின்றது. வரைபடத்தை விரித்தாள். மேட்டைக் காணோம். புத்தகத்தில் இருக்கிற அதே கோடு, இழுத்துக் கட்டிய கொடிக்கயிறு மாதிரி நேராகக் கிடந்தது.

அதற்கு மறுநாள் காலையில் கணவன் ஷூ மாட்டிக்கொண்டிருக்கும்போது ஆரம்பித்தாள். "என்னங்க, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. இண்டிகேட்டர் போட்டுட்டுத் திரும்பு. போன தடவ இப்படி ஆரம்பிச்சப்போ ஒரு வருஷம் தள்ளிப்போச்சு."

சொன்னாள். கேட்கக் கேட்க அவனுடைய வலது கால் தரையை அழுத்த ஆரம்பித்தது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து மற்றவர்களுக்காக பிரேக் போட்டுப் போட்டு வந்த பழக்கம். வீட்டிலும் அவள் வேகமாகப் பேசினால் கால் அழுத்தும்.

"தெரிஞ்சவங்க யாரு?"

"நான் மட்டும்."

"வெளிய சொன்னா?"

"வைவா கிடையாது. மூணு அத்தியாயமும் போச்சு. தாடி பேர்ல இருக்கற கட்டுரையும் போச்சு. அவங்கப்பா மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது?"

"சொல்லலன்னா?"

அவன் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருந்தான்.

"எனக்கு உன் மேக்ரோவும் தெரியாது, மைக்ரோவும் தெரியாது" என்றான். "ஆனா எங்கண்ணன்கிட்ட அஞ்சாவது தடவயா வரலன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அதையும் சேத்துக் கணக்கு போட்டுக்கோ." கதவு வரை போய்த் திரும்பினான். "கோவத்துல சொல்லலம்மா. நிஜமாவே வாய் வராது."

அன்றே பேராசிரியரிடம் போனாள். அவர் யோசிக்கும்போது பலகையைத் துடைப்பார். அன்றைக்குச் சுத்தமாக இருந்த பலகையையே துடைத்தார்.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"வீட்ல சொன்னேன். அப்புறம் நீங்க, நானு. கம்ப்யூட்டருக்கும் தெரியும் சார்."

அவர் சிரிக்கவில்லை. "உக்காரும்மா. இது தப்புன்னு ஏன் நினைக்கற? மனுஷன் யாராவது என்றென்றும் திட்டம் போடறானா? நானே அடுத்த மாசத்துக்கு மேல யோசிக்கறதில்ல. இந்தக் குடும்பங்கள் பத்து வருஷத்துக்கு மட்டும் பாத்துத் திட்டம் போடறாங்கன்னு முன்னாடி ஒரு பாரா சேத்துடு. அவ்ளோதான். மேடு அப்படியே நிக்கும். நிரல்ல ஒரு எழுத்து மாத்த வேண்டாம்."

"ஆனா நாம அப்படி நினைச்சு செய்யலயே சார்."

"நினைச்சோமா இல்லயான்னு எந்த ஆய்வேட்டுல எழுதறாங்க? அது தப்பா இருக்கற வரைக்கும்தான் தப்பு. அனுமானம்னு பேர் வெச்சா அனுமானம்."

"அச்சுல வந்த கட்டுரை?"

"அத யாரு கிளறப்போறா? அவனே போயிட்டான். விடும்மா." துடைப்பானைக் கீழே வைத்தார். "எனக்கும் அவன் மேல பாசம்தான். அதனாலதான் சொல்றேன்."

ஐந்து நாள் உட்கார்ந்து எழுதினாள். பத்து ஆண்டு மட்டும் பார்க்கிற குடும்பங்கள். அந்த ஒரு பத்தி உள்ளே போனதும் ஆய்வேடு முழுவதும் சரியாகப் பொருந்தியது. முன்னைவிட நன்றாகவே இருந்தது என்பதுதான் கொடுமை. எங்கே கை வைத்தாலும் ஒரு பிசிறு இல்லை. யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். படிக்கப் படிக்க, நாலு சுவரும் பூசி முடித்த அறைக்குள் தானே நின்றுகொண்டு வாசல் வைக்க மறந்துவிட்டது போல அவளுக்கு மூச்சு முட்டியது.

ஆறாம் நாள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேர்க்க நிரலை அச்சிட்டாள். பிரிண்டர் தாடியின் மேஜையில் முனகியபடி தாள்களைத் துப்பியது. திரைக்குத் தெரியாதது தாளுக்குத் தெரிந்துவிட்டது. நீளமான வரிகளை பிரிண்டர் மடித்து அடுத்த வரியில் போட்டிருந்தது. வலது கோடியில் இருந்த குறிப்புகளெல்லாம் இடது பக்கத்துக்கு வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றன.

நாற்பது என்ற எண்ணுக்குக் கீழே எழுதியிருந்தான்: "நாற்பது போதும்னு அவ சொல்றா. மூணு மணிக்கு செமினார். திங்கள் வந்ததும் எடுத்துடணும். மறக்காதடா மடையா."

அவள் நின்றபடியே படித்தாள். பிறகு பிரிண்டரின் பக்கத்தில் இடம் ஒதுக்கி அவன் மேஜையில் உட்கார்ந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அப்படியே வந்தது. மணி ஒன்றரை. பழைய இயந்திரம் ஆமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது. அவள் அவன் நாற்காலிக்குப் பின்னால் நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "தாடி, இது இன்னிக்கு முடியாதுடா. நாப்பதோட நிறுத்து. படம் வந்தா போதும், அப்புறம் பாத்துக்கலாம்." அவன், "மேடம் உத்தரவு" என்றான். ஏதோ தட்டினான், அவ்வளவுதான். ஆறு வருடத்தில் அவளுக்கு அது ஒரு தடவைகூட நினைவுக்கு வரவில்லை. யாரோ என்று நினைத்தாளே, அந்த யாரோ அவள்தான். எதை மறைத்தால் அவன் பெயர் நிலைக்கும் என்று ஐந்து நாள் உட்கார்ந்து பூசி மெழுகினாளோ, அது முழுக்க அவளுடைய அவசரம். அவன் திங்கட்கிழமை எடுக்க நினைத்திருந்தான்.

அறைக்குள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டுத் திரும்பினாள். புதிதாக வந்த பெண் வெளியே போக முடியாமல் நின்றாள். "தூக்கி இழு" என்றாள் இவள்.

அன்று மாலைக்குள் இரண்டு கடிதம் எழுதினாள். ஒன்று கட்டுரையை வெளியிட்ட இதழுக்கு, திருத்தம் கோரி. நடந்ததை நடந்தபடி எழுதினாள்: சுற்றுகளை நாற்பதோடு நிறுத்தச் சொன்னது நான், நிரலை எழுதியவர் அதை நீக்க நினைத்திருந்தார், நோயால் முடியவில்லை, பிறகு ஆறு வருடம் நான் சரிபார்க்கவில்லை. மற்றொன்று, வைவாவை ஒத்திவைக்க. இரண்டையும் பேராசிரியர் மேஜையில் வைத்தாள். அவர் படித்துவிட்டுப் பலகையைத் துடைக்க எழுந்தார்.

"என் பேரும் இருக்கும்மா அதுல."

"தெரியும் சார். மன்னிச்சுக்கோங்க."

"இன்னும் ஒரு வருஷம் ஆகும். குறைஞ்சது."

"சரி சார்."

கடிதத்தைக் கொடுத்த பிறகுதான் தாடியின் அப்பா வீட்டுக்குப் போனாள். முதலில் அவரைப் பார்த்தால் கொடுக்கக் கை வராது என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது மாடியில் இரண்டு சின்ன அறை. அவர் மட்டும்தான். டீ போட்டுக்கொண்டு வந்து வைத்தார்.

"என்னம்மா, இந்த வருஷப் பரிசு யாருக்கு? போன வருஷம் வந்த பையனுக்கு மேடையில வாயே திறக்கல."

அவள் சொன்னாள். அவருக்குப் புரிகிற மாதிரி, சுருக்கமாக. அவர் முகம் இறுகிக்கொண்டே வந்தது.

"அப்ப என் புள்ள செஞ்சது தப்பா?"

"நான் செய்யச் சொன்னதுப்பா."

"ஆறு வருஷமா பக்கத்துல உக்காந்து கை தட்டினியே. அப்பல்லாம் தெரியாதா?" குரல் உயர்ந்தது. எழுந்து சட்டத்தின் முன்னால் போய் நின்றார். "இதக் கழட்டணுமா இப்ப?"

அவள் பையிலிருந்து தாளை எடுத்து, அந்த வரியை மட்டும் அவன் எழுதியபடியே படித்துக் காட்டினாள். மடையா என்ற சொல் வந்ததும் அவர் திரும்பினார். அது அவர் மகனைக் கூப்பிடுகிற சொல்.

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"திங்கக்கிழமையா?"

"ஆமாப்பா."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "அன்னிக்கு டூட்டிக்குப் போகாம நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன். 'அப்பா, அரை மணி நேரம் காலேஜ் போயிட்டு வந்துடறேன், ஒரு வேலைய அப்படியே விட்டுட்டு வந்துருக்கேன்'னான். நான்தான், வேலை எங்க ஓடிடப்போவுது, ஏறுடா மடையான்னு ஆட்டோல ஏத்தினேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "படுத்திருந்தப்போகூட ரெண்டு மூணு தடவ வேலை வேலைன்னான். என்ன வேலைன்னு எனக்கு இத்தன வருஷமாத் தெரியல."

டீ ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் குடிக்கவில்லை.

"மறக்கல இல்ல அவன்?"

"மறக்கலப்பா."

சட்டத்தை அவர் கழற்றவில்லை. அந்தத் தாளை மட்டும் கேட்டு வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை கணவன் தன் அண்ணனுக்கு போன் செய்வது பக்கத்து அறையிலிருந்து கேட்டது. முதலில் ஊர்க்கதை, வெயில், புது வண்டி. பிறகு, "என் பேர அழிச்சுடுண்ணே. அப்புறம் எழுதிக்கலாம்" என்றான். அவள் கிளம்பும்போது அவளைப் பார்க்காமல் ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தான்.

அலுவலக ஜன்னலில் கிளார்க் கேட்பதற்கு முன்பே படிவத்தை எடுத்து நீட்டினார். "கல்வெட்டு, உங்களுக்குன்னு தனியா ஒரு கட்டு எடுத்து வெச்சிருக்கேன்."

"நல்லதாப் போச்சு. காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அது கொஞ்சம் சின்னதா இருக்கு. பின்பக்கம் எழுதலாமா?"

அவர் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு அவளைப் பார்த்தார். "எழுதுங்க" என்றார்.

அவள் படிவத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறினாள். கதவைத் தூக்கி இழுத்து உள்ளே போய், தன் மேஜையில் உட்கார்ந்து, தாடியின் நிரலைத் திறந்தாள். இந்த முறை திரையை வலது பக்கம் நகர்த்தி, முதல் குறிப்பிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.